ஆளுக்கு ஒரு முட்டை

செஞ்சியிலிருந்து அனந்தபுரம் போகும் தனியார் பேருந்து. எனக்கு முன்சீட்டில், மடியில் சிறுமியை வைத்திருந்த ஒரு பெண், பக்கத்தில் இருந்தவளிடம் மிட்டாயை நீட்டினாள்.

“எம்பொண்ணு இன்னிக்கு பால்வாடில சண்ட போட்டுட்டாக்கா!”

“அதுக்கு இன்னாத்துக்குடி மிட்டாய்?”

“இவ நைனா இவ கண்ணு முன்னாடியே லாரில அடிபட்டு செத்ததுலேர்ந்து, ஒரு வருஷமா வெளியாளுங்ககிட்ட வாயே தொறக்கலக்கா. டாக்டரு சொன்னபடி டீச்சரும் ‘பேசு, பேசு’ன்னு நச்சரிக்கல. முட்ட போடற நாள்ல, எல்லாருக்கும் எடுத்துக் குடுக்கற வேலய இவகிட்ட விட்டுட்டாங்க. இன்னிக்கு ஒரு பையன் ரெண்டு எடுத்துட்டான். ‘வைடா! ஆளுக்கு ஒண்ணுதான்!’னு கத்தியிருக்கா. டீச்சரே அழுதுட்டாங்கக்கா.”

அதற்குள் நடத்துனர் வந்துவிட்டார். “பாப்பாவுக்கு இன்னா வயசு? அஞ்சு ஆயிடுச்சின்னா அர டிக்கெட்டு.”

“நாலுதாங்க” என்றாள் தாய், கூசாமல்.

“அஞ்சு!”

மடியிலிருந்து வந்த அந்தக் குரல் டிரைவருக்கே கேட்டிருக்கும். நடத்துனர் சிரித்தார். தாய் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“ஒண்ணர டிக்கெட்டே குடுங்க. அதான் எம்பொண்ணே வாயத் தொறந்து சொல்லிட்டாளே!”