எடுத்து வைத்த அரிசி

“அக்கா, படுங்க! படுங்க!”

தங்கராசு கத்துகிறான். படுக்கிறேன். முதலில் விசில் சத்தம். பிறகு ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமே இல்லாத நேரம்தான் மோசம். பிறகு டமார். ஜன்னல் சட்டம் கழன்று சமையல் மேடையில் விழுகிறது. உலை கொதித்துக்கொண்டே இருக்கிறது. அது கவிழ்ந்துவிடக் கூடாது. அதைத் தவிர எனக்கு வேறு நினைப்பில்லை.

இது சூடான். தலைநகரத்தின் ஓரம். ஈஸ்டர் முடிந்த வாரம் சண்டை ஆரம்பித்தது. பிஸ்கட் கம்பெனி விடுதியில் நான் சமையல்காரி. பெயர் பிலோமினா. என் வீட்டுக்காரர் சவரிமுத்து அங்கேயே மெக்கானிக். எங்களுக்கு மொரப்பூர் பக்கம். தங்கராசு எலக்ட்ரீஷியன், அதியமான்கோட்டைக்காரன். மற்றவர்கள் முதல் நாளே ஓடிவிட்டார்கள். என் வீட்டுக்காரருக்கு நெருப்பாய்க் காய்ச்சல். அவரை விட்டுப் போக மாட்டேன் என்று தங்கராசுவும் தங்கினான். துறைமுகத்துக்கு பஸ் விடுவார்கள் என்று தூதரகத்திலிருந்து போனில் சொன்னார்கள். பிறகு போனும் செத்தது. இருந்தது மூட்டையின் அடியில் கொஞ்சம் அரிசி. வழி திறக்கும்வரை மூன்று உயிரும் அதை நம்பித்தான்.

ஊரில் எங்கள் பங்குக் கோயிலைச் சேர்ந்த பெண்கள் உலை வைக்கும்போது முதலில் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே போடுவோம். ஞாயிறு பூசைக்குக் கொண்டுபோவோம். இல்லாதவர்களுக்குப் போகும். எடுத்து வைத்ததைத் திரும்பத் தொடக் கூடாது. சின்ன வயதிலிருந்தே பழகிய கை. குண்டு விழும்போதும் சும்மா இருக்கவில்லை. காலியான பால்பவுடர் டப்பாவில் ஒரு பிடி. மீதி உலையில். பக்தியில் செய்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கை செய்தது.

தங்கராசு பார்த்துவிட்டான்.

“என்னக்கா பண்றீங்க? நாமளே கஞ்சிக்குச் சாவறோம். யாருக்கு எடுத்து வெக்கிறீங்க?”

டப்பாவை மூடினேன். யாருக்கென்று எனக்கே தெரியவில்லை.

மூட்டை தீர்ந்தது. டப்பா நிறைந்திருந்தது. ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் மட்டும். மூடியைத் திறந்தேன். பாயில் படுத்தபடியே என் வீட்டுக்காரர் சொன்னார்.

“பிலோ, அது நம்மளுது இல்ல. குடுத்தாச்சு.”

எனக்கு வந்ததே கோபம்!

“யாருகிட்ட குடுத்தாச்சு? கோயிலு எங்க இருக்குது, நாம எங்க கெடக்கறோம்? பேசாம படுங்க!”

கத்தினேன். ஆனாலும் மூடிவிட்டேன். ஆத்திரத்தில் அழுதேன். அவர் மேல் ஆத்திரம். ஆண்டவர் மேலும்தான்.

மறுநாள் காலை. கேட்டில் சத்தம். இரும்பில் உள்ளங்கையால் அடிக்கிறார்கள்.

“தொறக்காதீங்கக்கா!”

இடுக்கில் பார்க்கிறேன். ஹவா. கம்பெனி வாசலில் டீ விற்பவள். இரண்டு பிள்ளைகள். உதடு வெடித்திருக்கிறது. ஐந்து விரலையும் குவித்து வாயருகே கொண்டுபோய்க் காட்டுகிறாள்.

திறந்தேன். டப்பா இருந்ததால் திறந்தேன். அது எங்கள் அரிசியாக இருந்திருந்தால் திறந்திருக்க மாட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன். மூச்சை அடக்கிக்கொண்டு, அவள் போகும்வரை உட்கார்ந்திருப்பேன்.

கஞ்சி வைத்தேன். ஹவா தன் கிண்ணத்தை எங்கள் பக்கம் தள்ளினாள். நாங்கள் குடிக்காமல் அவள் குடிக்கவில்லை. என் வீட்டுக்காரருக்கு அன்றுதான் காய்ச்சல் விட்டிருந்தது. “சேர வேண்டியவங்களுக்குச் சேந்துடுச்சு பாரு” என்று சிரித்தார். ஆறு பேருக்கு முன்னறை போதவில்லை. பின்பக்கம் தண்ணீர்த் தொட்டி ஓரம் உட்கார்ந்தோம். தரை சுட்டது. ஹவாவின் சின்னவன் உட்கார முடியாமல் காலை மாற்றி மாற்றி நின்றான்.

“பாய எடுத்தாறேன்” என்று அவர் எழுந்தார். உள்ளே போகிறார். விசில்.

“ஏங்க! வந்துருங்க! ஏங்க!”

ஒன்றுமே இல்லை.

டமார்.

முன்னறை இல்லை.

தங்கராசுவும் ஹவாவும் சுவரோரம் குழி தோண்டினார்கள். ஹவா தன் மேல்துணியை உருவி அவர்மேல் போர்த்தினாள். மறுநாள் எங்களை பஸ் நிற்கும் இடம்வரை நடத்திக்கொண்டு போனாள். வழியெல்லாம் துப்பாக்கிகள். ஒவ்வொரு இடத்திலும் அவள்தான் பேசினாள். தங்கராசுவின் நம்பரை எழுதி வாங்கிக்கொண்டாள். பஸ்ஸில் ஏறவில்லை. விடுதியின் பக்கம் கை காட்டினாள். பிறகு தன் நெஞ்சைத் தொட்டாள்.

ஊருக்கு வந்தேன். கோயிலில் ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “நீ குடுத்த. ஆண்டவர் உன்னய வூடு கொண்டாந்து சேத்தாரு.”

“எங்கூட்டுக்காரரு குடுக்காதவருங்களா?” என்று கேட்டேன்.

அவர் கையை எடுத்துக்கொண்டார்.

போன மாதம் தங்கராசுவின் போனுக்கு ஒரு படம் வந்தது. அதைக் காட்டவே அவன் பஸ் ஏறி வந்தான். அந்தச் சுவர். சுற்றிலும் உடைந்த செங்கல் அடுக்கிய மண். மண் ஈரமாக இருக்கிறது. யாரோ தண்ணீர் தெளித்திருக்கிறார்கள். தலைமாட்டில் இரண்டு குச்சியைக் குறுக்காகக் கட்டிய சிலுவை. ஹவா முஸ்லிம். என் கழுத்தில் கிடந்த சிலுவையைப் பார்த்துத்தான் செய்திருக்க வேண்டும். கொடுத்ததற்கு என்ன பலன் என்று கேட்பவர்களுக்கு இந்தப் படத்தைக் காட்டுகிறேன். அவருக்கு அங்கே ஆள் இருக்கிறது. எனக்கு அது போதும். போதாது. ஆனாலும் போதும்.

கஞ்சி குடிக்க உட்கார்ந்தவர்கள் ஆறு பேர். ஐந்து பேர் எழுந்து நடந்தோம். போனது என் சவரிமுத்து. ஒரு பாய். ஒரு பால்பவுடர் டப்பா.

இப்போது வேறு டப்பா. இன்று காலை உலை வைத்தேன். ஒரு பிடி எடுத்துப் போட்டேன். சமையல் எனக்கு மட்டும்தான். கை இன்னும் இரண்டு பேருக்கு அளக்கிறது. அவருடைய அரிசியையும் அள்ளி டப்பாவில் போட்டேன்.