மோர் டம்ளர்

காலை பதினொரு மணிக்கு அந்த வீட்டில் இருந்தவர்கள்: கூடத்தில் ஃப்ரீசர் பெட்டிக்குள் அரசப்பன், ஐம்பத்தெட்டு வயது, நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் விடும் மேஸ்திரி, விடியற்காலை நெஞ்சுவலியில் போனவர். பெட்டியின் கண்ணாடியில் கன்னத்தை வைத்தபடி அவர் மனைவி ரெங்கம்மாள். வாசல் பந்தலில் ரெங்கம்மாளின் தம்பி செல்லதுரையும் சுற்றுப்பட்டு உறவுக்காரர்களும். தெருவில் பறை அடிக்க வந்த ஐந்து பேர். கொல்லையில் பாடைக்கு மூங்கில் பிளக்கும் நான்கு பேர். சமையலறையில் கையில் போனோடு மகள் எழில்மொழி, பாபநாசத்தில் மருந்துக்கடை வேலை.

இல்லாதவன் மகன் தமிழ்மாறன். இருபத்து மூன்று வயது. தரங்கம்பாடியில், குடியை விட வைக்கும் ஒரு மறுவாழ்வு இல்லத்தில் அவனுக்கு அது எழுபத்தோராவது நாள்.

"ஹலோ... ஹலோ, ஜெக்கரியா சாரா? ... சார், தமிழ்மாறனோட அக்கா பேசறேன். எழில்மொழி... ஆமா சார். ஆமா, ஆமா, காலைல ஒங்க இல்லத்து ஆபீஸ்ல சொன்னேன்... அப்பாதான் சார்... ம்... ம்... நாலு மணிக்கு எடுக்கறோம். கார் இங்கேருந்து கெளம்பிடுச்சு, இந்நேரம் மாயவரம் தாண்டியிருக்கும். அவன் வந்துதான் கொள்ளி வக்கணும். ஒரே ஆம்பளப் புள்ள... இல்ல சார், நான் சொல்லல. இங்க சொல்றாங்க."

கதவைத் தள்ளிக்கொண்டு செல்லதுரை தலையை நீட்டினார். ஆளுக்கு முன்னால் குடித்த வாடை வந்தது.

"பேசிட்டுதான் இருக்கேன் மாமா. போங்க... சார், சொல்லுங்க. அவன்கிட்ட சொல்லிட்டீங்களா? ... அழுதானா? ... சாப்புட்டானா? ... ம்... சரி சார், யாராச்சும் கூடவே இருக்கணும், இருப்பாங்க... யாரா? ... குடிக்காத ஆள்னா..."

எழில்மொழி ஜன்னல் வழியாகக் கொல்லையைப் பார்த்தாள். முருங்கைக் கிளையில் ஒரு கறுப்புப் பை தொங்கியது. மூங்கில் பிளப்பவர்களில் ஒருவர் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பக்கம் போனார்.

"மாமா... இல்ல சார், மாமா இப்பவே போட்டிருக்காரு... பெரியப்பா பசங்களா? அவங்கதான் வாங்கிட்டே வந்தது... பாடை கட்டறவங்களுக்குக் குடுத்துதான் ஆகணும், அது மொற... அவன் சேக்காளிங்க வந்திருக்கானுவ. கபடி டீம் பூரா. ஒரு கைல மால, இன்னொரு கைல... ஆமா சார். அதேதான்... நான் இருப்பேன். ஆனா சுடுகாட்டுக்குப் பொம்பளைங்க போற வழக்கமில்லயே... ஆமா. ஆமா. அங்கதான் மோசம்."

அவள் அடுப்பு மேடையில் சாய்ந்துகொண்டாள்.

"அங்கதான் சார் ஆரம்பிச்சுது. பதிமூணு வயசு. பெரியப்பா செத்தப்ப பாடைக்குத் தோள் குடுத்தான். எட்டாவது படிக்கிற பயலுக்கு என்னா தோளு! ராத்திரில மெரண்டுடப் போறான்னு பாட்டில் மூடில ஊத்திக் குடுத்தாங்க. வீட்டுக்கு வந்து ஒரே சிரிப்பு. நாங்களும் சிரிச்சோம்... ஆமா, நானுந்தான்... அப்பறம் பதினாறுல கபடில கப்பு ஜெயிச்சாங்க. அந்தக் கப்புலயே ஊத்தி ஆளாளுக்கு மாத்தி மாத்திக் குடிச்சானுவ. அந்த போட்டோ இன்னமும் டீக்கடையில மாட்டியிருக்கு, போயி வரவன்லாம் பாக்கறான்... பாலிடெக்னிக்க விட்டுட்டு அறுப்பு மெஷினோட போனான் பாருங்க, அங்க வயலுக்கு ஒரு குவாட்டரு. வயக்காரரே குடுத்துடுவாரு. வேணாம்னா, ஏன் மாத்திர சாப்புடறியாடான்னு கேப்பானுவ."

"... வீட்டுலயா? ... சொல்றேன் சார். அதயும் சொல்லிடறேன். அப்பா ஒரு யோசன பண்ணாரு. வெளிய கண்டவனோட குடிச்சிட்டு வரப்புல கெடக்கறதுக்கு, வீட்டுலயே குடிக்கட்டும்னு. பொழுது சாஞ்சா அவரே ஊத்தி வப்பாரு. அவனுக்கு ஒரு மோர் டம்ளர், அவருக்கு ஒரு மோர் டம்ளர். அதுக்கு மேல ஒரு சொட்டு ஊத்த மாட்டாரு. அளவா பழக்கிட்டா அடங்கிடுவான்னு நெனச்சாரு... நல்லதுன்னுதான் சார் செஞ்சாரு. ரெண்டு வருசம். இத இங்க குடிச்சிட்டு மீதிய வெளிய போயி குடிச்சான்... அந்த டம்ளர தெனம் காலைல நான்தான் கழுவுவேன். புளி போட்டுத் தேச்சு, பளபளன்னு எடுத்து வப்பேன்."

செல்லதுரை மறுபடி வந்தார். இந்த முறை நேராகப் பாத்திர அலமாரிக்குப் போனார்.

"மாமா, அந்த டம்ளர ஏன் எடுக்கறீங்க? ... தண்ணி வக்கன்னா சொம்பு இருக்கே... மாமா! ... அப்பாவுக்கா? ... புடிச்சதுன்னா? ... அதுக்காக தலமாட்டுலயா?"

அவர் போய்விட்டார். கூடத்தில் ரெங்கம்மாளின் அழுகை ஒரு கணம் நின்று, மறுபடி ஏறியது.

"சார், லைன்ல இருக்கீங்களா? ... யாரு? பக்கத்துலயே நிக்கிறானா? ... குடுங்க."

"தமிழு... அழு. அழுடா... ம்... ம்... இல்லடா, கஷ்டப்படல. டீ கேட்டாரு, போட்டு எடுத்துட்டு வரதுக்குள்ள முடிஞ்சிடுச்சு... வெள்ளச் சட்டதான் போட்டிருக்கு... அம்மா இருக்கு. கண்ணாடிய விட்டு நகர மாட்டேங்குது... வேற யாரா?"

நிலைப்படியில் திரும்பி வந்து நின்ற செல்லதுரை, யாரும் இல்லை என்று சொல்லும்படி கையை ஆட்டினார். பொய் அவளுக்குப் புதிதல்ல. கல்லூரியில், தம்பிக்குக் காய்ச்சல் என்றாள். மெஷின்காரரிடம் ஊருக்குப் போயிருக்கிறான் என்றாள். பெண் பார்க்க வந்தவர்களிடம், தம்பி கோயம்புத்தூரில் வேலை என்றாள். பத்து வருடமாக அந்த வீட்டில் மோருக்கும் பொய்க்கும் தட்டுப்பாடு வந்ததில்லை.

"எல்லாரும் இருக்காங்கடா... ஆமா, அவனுங்களும்... மாமா போட்டுட்டாரு... கொல்லைல பை தொங்குது... இல்லடா, ஒனக்கு எவனும் குடுக்க மாட்டான்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். குடுப்பானுவ. பாவம் அப்பன் செத்துட்டான்னு கட்டிப் புடிச்சு அழுதுட்டே குடுப்பானுவ... தமிழு, ஒண்ணு சொல்றேன். அப்பா தலமாட்டுல மோர் டம்ளர் இருக்கு... ஊத்தித்தான் வச்சிருக்கு. முழுசா... ஆமா. ஒன்னோடதுதான்."

தெருவில் பறை தொடங்கியது. அவள் இன்னொரு காதைப் பொத்திக்கொண்டாள்.

"தமிழு? ... டேய்... ம்... ம்... நான் ஒன்ன வராதன்னு சொல்லலடா... இல்ல. இல்ல, நீ சொல்றதுதான் சரி, அங்கயே இரு... கொள்ளிய நான் வக்கிறேன்... வுடுவாங்க. வுடாம எங்க போவாங்க... நீங்க சும்மா இருங்க மாமா! ... ஒன்ன இல்லடா... நாலு மணிக்கு வீடியோல காட்டவா? ... மொகம் மட்டுமா. சரி. சுத்தி இருக்கற ஒருத்தரையும் காட்டல... டம்ளரயும் காட்டல... அம்மாட்ட நான் சொல்லிக்கறேன். மொதல்ல திட்டும். திட்டட்டும்... போ. போடா. சாருட்ட குடு."

"சார்... ஆமா. கார் வந்தா திருப்பி அனுப்பிடுங்க... என்னது? ... வெளிப்பக்கமாவா? ... அவனே தன்ன உள்ள வச்சுப் பூட்டச் சொல்றானா சார்? ... இன்னிக்கு ஒரு நாளைக்கு... ம்... செய்ங்க. நான் லைன்லயே இருக்கேன்."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். செருப்புச் சத்தம் தள்ளிப் போனது. ஒரு இரும்புக் கதவு தரையில் உரசிக்கொண்டு வந்து மோதியது. தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு சாவி திரும்பியது, இரண்டு முறை.