பழுதுபார்க்கப் போன கதவு

மழைக்காலத்தில் மரக்கதவு உப்பிக்கொள்ளும். வேம்பாக இருந்தாலும் தேக்காக இருந்தாலும் அதன் குணம் அதுதான். இன்ஸ்பெக்டர் ஐயா, கதவிலிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்கு விளங்கும். நடுவில் மறிக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றையே இரண்டு தரம் சொல்ல எனக்குப் பிடிக்காது.

என் பெயர் தாண்டவராயன். மானாம்பதிப் பக்கம் எங்கள் குடும்பத்தைப் பற்றி நாக்கு மேல் பல்லைப் போட்டு ஒருவர் பேசியதில்லை. என் வீட்டுக்குப் பின்னால், மாட்டுக் கொட்டகையை ஒட்டி ஒரு சின்ன ஓட்டு வீடு இருக்கிறது. அதைத்தான் பாக்கியமேரிக்கு வாடகைக்கு விட்டேன். அவளுக்கு ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் துப்புரவு வேலை, ராத்திரி ஷிப்ட். புருஷன் இல்லை. ஷாரோன் என்று ஒரே மகள், பன்னிரண்டாவது படித்தாள். என்னைத் தாத்தா என்று கூப்பிடுவாள். நல்ல பெண்தான், குறை சொல்ல மாட்டேன்.

தெருவில் நாலு பேர், "இன்னா தாண்டவராயா, வாடகைக்கு வுட வேற ஆளே கெடைக்கலியா?" என்று கேட்டார்கள். எனக்கு அந்த வித்தியாசமெல்லாம் கிடையாது, ஐயா. கிறிஸ்துமசுக்கு அவள் கொடுத்த கேக்கை நானே கை நீட்டி வாங்கினேன். மாட்டுக்குப் போட்டேன், அது வேறு விஷயம்.

வாடகை ஒப்பந்தம் தை மாதத்தோடு முடிந்தது. மகன் அரவிந்தனுக்குக் கல்யாணம் பேசியிருக்கிறோம், வீடு வேண்டும் என்றேன். பாக்கியமேரி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"பரீட்சை முடியட்டும் அய்யா. எங்கனா வூடு பாத்துக்கினு போயிடறோம். இப்ப போனா பொண்ணு படிப்பு பூடும்."

என் வீட்டை நான் கேட்பதற்கு அவள் மகளின் பரீட்சை முடிய வேண்டுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் சத்தம் போடவில்லை. உத்திரமேரூருக்குப் போய் ஒரு வக்கீலைப் பார்த்தேன்.

"கரண்ட்ல கை வெக்காதீங்க, தண்ணிய நிறுத்தாதீங்க, பூட்டு போடாதீங்க," என்றார். "மிரட்டுனீங்கன்னு ஒரு வார்த்த வந்துச்சின்னா கேஸ் உங்க மேல திரும்பிடும். நோட்டீஸ் வுட்டு கோர்ட்டு மூலியமா போலாம். நாளாவும்."

"அப்ப ஓனருக்கு இன்னாதான் உரிமை கீது?"

"ரிப்பேர் பண்ணலாம். அது உரிமை மட்டும் இல்ல, உங்க கடமை."

அந்த வார்த்தை எனக்குப் பிடித்திருந்தது. கதவு சாத்த வரவில்லை என்று மார்கழியிலேயே முறையிட்டவள் பாக்கியமேரிதான், நான் இல்லை. அதனால் ஆசாரியைக் கூட்டி வந்து கதவைக் கழற்றினேன்.

"எப்ப அய்யா திரும்ப மாட்டுவீங்க? ராவுல பொண்ணு தனியா கீது," என்றாள்.

"மர வேல. அவசரப்பட்டா ஆவுமா?" என்றேன்.

வாசலுக்கு ஒரு புடவையைக் கட்டிக்கொண்டார்கள். கரண்ட் இருந்தது. தண்ணீர் வந்தது. ஆசாரி அன்று சாயங்காலமே இழைத்துக் கொடுத்துவிட்டார். கதவை நெல் அறையில் சாத்தி வைத்தேன். மரம் கொஞ்சம் காய வேண்டாமா?

என் மனைவி பாஞ்சாலி மட்டும் ஓயாமல் நச்சரித்தாள். "இன்னா பண்ணிக்கினு கீறீங்க? பொட்டப்புள்ள கீற வூடு. கதவ மாட்டி வுடுங்க." அவளுக்குச் சட்டம் என்ன தெரியும்.

அறுவடை முடிந்து வைக்கோல் வந்தது. வழக்கமாகக் களத்தில்தான் போர் போடுவோம். இந்த வருஷம் அந்த வாசலை ஒட்டிப் போட்டேன். என் வைக்கோல், என் மனை. போர் போட்டால் எலி வரும். எலிக்குப் பின்னால் என்ன வரும் என்று உங்களுக்கும் தெரியும், நீங்களும் கிராமத்தில் பிறந்தவர்தானே.

அன்று காலையில் பாஞ்சாலி பால் ஊற்றப் போயிருந்தாள். பாக்கியமேரி வேலையிலிருந்து இன்னும் வரவில்லை. ஷாரோன் சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து நின்றாள்.

"தாத்தா, வயிறு ரொம்ப வலிக்குது. கண்ணு தெறக்கவே முடில."

இமை பாதிதான் தூக்கியிருந்தது. உடம்பில் காயம் எதுவும் தெரியவில்லை. "கண்ணு முழிச்சிப் படிச்சிருப்ப. ஓமத்தண்ணி குடிச்சிட்டுப் படு," என்று நானே ஓமம் எடுத்துக் கொடுத்தேன். நான் டாக்டர் இல்லை. தாயார் வந்து பார்த்து, அலறி, ஆட்டோ பிடித்து, செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் மூச்சு நின்றுவிட்டது. பாம்புக்கடி என்றார்கள். எனக்கு வருத்தமில்லை என்று எழுதிவிடாதீர்கள். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அடக்கம் முடிந்து, பாக்கியமேரி சாமான்களை ஏற்றிவிட்டுச் சாவியை என் கையில் வைத்தாள். கதவில்லாத வீட்டுக்குச் சாவி. அவள் போன பிறகு கதவை மாட்டினேன். இப்போது நன்றாகச் சாத்துகிறது.

பாஞ்சாலி உங்களிடம் வந்து சொன்னது உண்மைதான். அந்தப் பெண் சாவதற்குச் சில நாள் முன்பு, வைக்கோல் உருவும்போது, ஒரு கட்டுவிரியன் போருக்குள் நுழைவதைப் பார்த்தேன். அன்றிலிருந்து பாஞ்சாலியை அந்தப் பக்கம் விடவில்லை. காரணம் கேட்டாள், சொல்லவில்லை. மாட்டையும் அவிழ்த்து முன்பக்கம் கட்டினேன்.

பாக்கியமேரியிடம் ஏன் சொல்லவில்லை என்கிறீர்கள். சொல்லத்தான் நினைத்தேன், ஐயா. அந்தப் புடவை தொங்கிய வாசல் வரைக்கும் போனேன். உள்ளே அந்தப் பெண் வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். ஆனால் குடியிருக்கிறவர்களிடம் போய்ப் பாம்பு இருக்கிறது என்று சொன்னால், காலி பண்ணச் சொல்லி மிரட்டியதாகத்தானே ஆகும்? வக்கீல் அது மட்டும் கூடவே கூடாது என்று சொல்லியிருந்தார். அதனால் திரும்பி வந்துவிட்டேன்.