லேப் அக்காவின் வாலிபர் கூட்டம்

போதகர் ஐயா அவர்களே, சக மூப்பர்களே, வேலைக்கு நடுவே வந்து பின்னால் நிற்கும் மருத்துவமனை நண்பர்களே, வாலிபத் தம்பி தங்கைகளே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அக்காவின் கணவரே, மகளே, அனைவருக்கும் ஸ்தோத்திரம். நான் பேச்சாளன் அல்ல, மெக்கானிக். பேச்சு நடுவில் நின்றுபோனால், நாலு பேர் சேர்ந்து தள்ளிவிடுங்கள்.

இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்ததால் நாம் எல்லாரும் ‘லேப் அக்கா’ என்றே அழைத்த நம் அன்புச் சகோதரி, நம் வாலிபர் கூட்டத்தின் தலைவி, சென்ற வாரம் மாரடைப்பால் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். என்னைவிட இளையவர்தான். நானும் அக்கா என்றுதான் கூப்பிட்டேன்.

சில நாளாகச் சபைக் கமிட்டியில் ஒரு பேச்சு அடிபடுகிறது. அக்கா இல்லை, பிள்ளைகளோ எட்டுப் பேர்தான், வாலிபர் கூட்டத்தைப் பேசாமல் பெரியவர்களின் வேதபாடத்தோடு சேர்த்துவிடலாமே என்கிறார்கள். நாளை முடிவெடுக்கப் போகிறோம். அதற்கு முன் நான் ஒன்று கேட்கிறேன். அக்கா இத்தனை வருடம் செய்தது என்ன?

பாடினாரா? சுருதிக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். பிரசங்கித்தாரா? மைக்கை நீட்டினால் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிடுவார். அவரிடம் இருந்தது ஒரே பழக்கம். ஒரு பொறுப்பைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டால் திரும்பப் பிடுங்க மாட்டார். அவர்கள் திணறினாலும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அதனால் நாம் பட்ட பாடு மறந்துபோகுமா? பொருளாளர் மகளின் திருமண நன்றி ஆராதனையில் பாட்டெடுக்கும் பொறுப்பு வாலிபருக்கு வந்தது. ராகம் நன்றாக இருக்கிறதே என்று ஒரு பாட்டை அறிவித்தார்கள். நாமும் எழுந்து நின்று உற்சாகமாகத் தொடங்கினோம். இரண்டாவது அடியில்தான் உறைத்தது, அது அடக்க ஆராதனைப் பாட்டு! மணமக்களை எதிரே நிற்கவைத்து, மண்ணுக்குள் வழியனுப்பிக்கொண்டிருந்தோம். பெண்ணின் தாயார் முகத்தில் ஈயாடவில்லை. நிறுத்தவும் தெரியாமல் எல்லாச் சரணங்களையும் பாடித் தீர்த்தோம். சிரியுங்கள், பரவாயில்லை. அக்காவும் பிறகு சிரித்தார்.

அன்றே மூப்பர்கள் கூடி, இனிப் பாட்டுகளைப் பெரியவர்களே தேர்ந்தெடுப்பார்கள் என்று முடிவு கட்டினோம். அக்கா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பொருளாளர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு, வந்த கையோடு எங்கள் முன் நின்றார். குரலை உயர்த்தவில்லை.

“தப்பு பண்ணாங்க, மன்னிப்பும் கேட்டாச்சு அண்ணா. இப்பப் புடுங்கிட்டீங்கன்னா, இது எங்க அப்பா அம்மாவோட சபைன்னு எழுந்து போயிடுவாங்க. அடுத்த ஞாயிறும் அவங்களே பாட்டெடுக்கட்டும்.”

எடுத்த முடிவைத் திரும்பப் பெற்றோம். அவர்களே எடுத்தார்கள். எட்டுப் பேரில் ஒருவர்கூட இன்றுவரை எழுந்து போகவில்லை. இதைவிடப் பெரிய ஊழியம் எது? சொல்லுங்கள்.

சென்ற சனிக்கிழமை, அடக்கம் முடிந்த மறுநாள், சபையின் பின்னறையில் விளக்கு எரிந்தது. யாரோ அணைக்க மறந்துவிட்டார்கள் என்று போனேன். பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அக்காவின் மகள் வேதம் வாசித்துக்கொண்டிருந்தாள். அழுகை வந்து பாதியில் நிறுத்திவிட்டாள். யாரும் புத்தகத்தை வாங்கவில்லை, காத்திருந்தார்கள். அவளே மறுபடி வாசித்து முடித்தாள். எனக்குத்தான் தாங்கவில்லை, வாசலிலேயே அழுதுவிட்டேன்.

கமிட்டிப் பேச்சு அவள் காதுக்கும் எட்டியிருக்கிறது. வெளியே வந்து என்னிடம் சொன்னாள்: “மாமா, எங்களுக்குத் தலைவர் தேட வேணாம். கூட்டத்த நாங்க நடத்திக்கிறோம். பெரியவங்க யாராவது கூட இருந்தா போதும்.”

சபையோரே, அந்தக் கூட்டம் எங்கும் சேர்க்கப்பட வேண்டாம், அப்படியே தொடரட்டும் என்று நாளை கமிட்டியில் சொல்வேன். பிள்ளைகளோடு உட்கார நானே போகிறேன். ஒன்று கோளாறாக ஓடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது மெக்கானிக்குக் கைவராத வேலை. அக்காவின் ஊழியம் நிற்காமலிருக்க, நான் அதில் கைவைக்காமலிருக்க, தயவுசெய்து எனக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.