வண்டிக்காகக் காத்திருந்தவன்

விடியக்காலம் நாலரை மணி... காஸ்தோலோன் ஊரைத் தாண்டிப் போற ரோடு. முன்னாடி ஒரு பிக்கப், பின்னாடி ஒரு பிக்கப். வேற வெளிச்சமே கிடையாது.

நாளைக்கு நீங்க படகுல போகப்போறீங்களே, அதே சாந்தா எலேனா மலையிடுக்குதான். நெருங்கி உக்காருங்க...

படகுக் கடையில என்கூட வேலை பாக்குற நோயேலியா இருக்காளே, அவ புருஷன் கிறிசாந்தோவுக்கு நடந்தது. அவனும் அவ அண்ணன் எவரார்தோவும் ஒரு நாள் பயணம் போறதா ஏற்பாடு. ரெண்டு பேருக்கும் ஆகவே ஆகாது. எத்தனை மணிக்குக் கிளம்புறது, எங்க சாப்பிடுறது, பாறைக் குவியல்ல படகைத் தூக்கிட்டு நடக்கணுமா... மூணு நாளா சண்டை. ஒண்ணே ஒண்ணுதான் ஒத்துப்போச்சு. ஆறு மலையிடுக்கை விட்டு வெளிய வர்ற கரையில முன்கூட்டியே ஒரு வண்டியை விட்டுட்டு வரணும். அங்கிருந்து திரும்ப வேற வழியில்ல.

கரைக்குப் போய்ச் சேர்ந்தாங்க. இன்னும் இருட்டு. ஹெட்லைட்ல ஒருத்தன் நிக்குறான். இடுப்பு வரைக்கும் ஈரம். சொட்டு சொட்டா மண்ணுல விழுற சத்தம்... அழுகுன நாணல் வாடை.

"இங்க நிறுத்தாதே. என் வண்டி வர்ற இடம்."

எவரார்தோ கண்ணாடியை இறக்கினான். "எப்ப வரும்?"

"மச்சான் எடுத்துட்டு வரேன்னு போனான்."

"அப்ப வராது." பின்னாடி பிக்கப்புல இருந்த கிறிசாந்தோவைக் காட்டிச் சிரிச்சான். "எனக்கும் ஒருத்தன் வாய்ச்சிருக்கான், பாரு." சொல்லிட்டு வண்டியை நேரா அவன் மேலயே விட்டான்.

இடிக்கல. அங்க யாருமில்ல.

"சரி... உன் படகுல வரேன்." சத்தம் மட்டும் எவரார்தோ காதுகிட்ட.

ஒரு வண்டியை அங்கயே விட்டுட்டு, இன்னொண்ணுல படகு இறக்குற துறைக்கு வந்ததும் கிறிசாந்தோ படகுல வரமாட்டேன்னுட்டான்.

"என் தங்கச்சி உனக்குப் பதிலா ஒரு கோழியைக் கட்டியிருக்கலாம்."

"போடா. போய்ச் சாவு."

எவரார்தோ தனியாவே துடுப்பை எடுத்தான். தான் சொன்ன வார்த்தை கிறிசாந்தோவுக்கு உறுத்துச்சு. வண்டியை எடுத்துட்டு மறுபடியும் அந்தக் கரைக்கே போய் உக்காந்தான். வெயில் ஏறுச்சு... இறங்குச்சு. சாயங்காலம் ஆறு மணி. மலையிடுக்கைப் பாத்து அடிக்குற காத்து, தொப்பியைப் பிடுங்குற மாதிரி.

டொக்... டொக்... துடுப்பு படகு ஓரத்துல தட்டுற சத்தம்.

ஒத்தை ஆளு பின் சீட்டுலதான் உக்காரணும். அங்கிருந்துதான் படகைத் திருப்ப முடியும். எவரார்தோ முன் சீட்டுல இருந்தான். துடுப்பு மடியில. ரெண்டு கையும் முழங்கால் மேல. முகத்துல ரத்தமே இல்ல. படகு மட்டும், அந்தக் காத்தை எதிர்த்து, கோடு போட்ட மாதிரி நேரா கரைக்கு வருது...

மணல்ல தட்டி நின்னுச்சு. கிறிசாந்தோ ஓடிப்போய்க் கையை நீட்டினான்.

எவரார்தோ திரும்பிப் பாக்கல. உதடு மட்டும் அசைஞ்சுது.

"மச்சான்... முதல்ல அவரை இறக்கிவிடு."

படகோட ஆளே இல்லாத பின் சீட்டுப் பக்கம்... தண்ணியில இருந்து மெதுவா, நாலு விரக்கடை மேல எழும்புச்சு.