எரிந்த தொடைகள்

மந்தாரக்குப்பம் பஸ்ஸில் எனக்குப் பின்சீட்டு ஆள், தன் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: “ஸ்கேன்ல என் தொட ரெண்டும் டியூப்லைட்டாட்டம் எரிஞ்சுகினு இருந்துச்சுங்க.”

“ஐயோ! எதுக்கு ஸ்கேனு?”

“தொடையில ஒரு கட்டி. சதையில எப்பவாவது வர்ற கேன்சராம், வேகமாப் பரவிடுமாம். அதுவா இருக்குமோன்னு பயந்துட்டாங்க. முந்தின நாள் எக்சர்சைஸ் பண்ணீங்களான்னு டாக்டர் கேட்டாரு. ஜென்மத்துல பண்ணதில்லன்னேன்.”

“அப்புறம்?”

“மைன்ஸு வேலைக்கு எதுல போவீங்கன்னாரு. சைக்கிள்லதான்னேன். தலையில அடிச்சுக்கினாரு. ஸ்கேன்ல கேன்சராட்டமே உழைச்ச சதையும் எரியுமாம். இன்னைக்கு மறுபடி எடுத்தாங்க. ரெண்டு தொடையும் கும்மிருட்டு! வெறும் கொழுப்புக் கட்டியாம்.”

“சைக்கிளு?”

“அன்னைக்கே வூட்டுக்காரி பூட்டி, சாவிய முந்தானையில முடிஞ்சுகினா.”

என் பக்கத்துச் சீட்டுப் பெண்மணி, திரும்பிப் பார்க்காமலே முந்தானை முடிச்சை அவிழ்த்து, சாவியைப் பின்னால் நீட்டினார்.