அபீரியன்டுக்காக ஒரு ஜெபம்

பூதப்பாண்டியிலிருந்து நாகர்கோவில் போகும் பேருந்தில் எனக்கு முன்னிருக்கையில் இரண்டு பெண்கள். நான் புத்தகத்தை விரித்து, வழக்கம்போலப் படிக்காமல் வைத்திருந்தேன்.

“சர்ச்சுல ஒங்க வீட்டு அண்ணனுக்காக ஜெபிச்சாவளே எக்கா, ஏதோ இங்கிலீஷ் நோய்,” என்றாள் இளையவள்.

“அபீரியன்ட்,” என்றாள் மூத்தவள். “நெஞ்சு ஆபரேஷன் முடிஞ்சு வந்து நாலு நாளா அவிய வெளிக்குப் போகல்ல. முக்குனா உயிரு போயிரும்னு பயம். ஆஸ்பத்திரி சீட்டுல கடைசியா இந்தப் பேரு இருந்துச்சு. அதத்தான் ஜெபக் குறிப்புல எழுதிக் குடுத்தேன். ‘அபீரியன்டிலிருந்து விடுதலை தாரும்’னு போதகரு உருகி ஜெபிச்சாரு. சபையே எந்திச்சு நின்னு ஆமென் சொல்லிச்சு. நேத்து நர்ஸ் வந்து சொல்லுகா, அது நோயில்லியாம். மலத்த லேசா இளக்குற மருந்தாம்.”

“மருந்த நீ வாங்கவே இல்லியா?”

“நோய யாராவது கடைல போய் வாங்குவாவளாட்டி?”

அதே வகைச் சூரணம் என் பையிலும் இருந்தது. சிரிக்கும் தகுதி எனக்கில்லை.

“அண்ணன்ட்ட சொன்னியா?”

“மருந்தக் குடுக்கும்போதே சொன்னேன். சிரிப்பாவன்னு பாத்தா, ‘அவ்வளவு பேரும் எனக்காவ எந்திச்சு நின்னாவளே’ன்னு அழுதாவ. காலைல என் கையப் புடிச்சுக் கக்கூஸ் வாசல் வரைக்கும் வந்தாவ. ‘நான் உள்ள போறேன், நீ ஆமென் சொல்லு’ன்னாவ.”

“சொன்னியா?”

“கதவு தெறக்குற வரைக்கும் சொல்லிக்கிட்டே நின்னேன்.”